கிண்ணத்திலேயே பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

மங்கோலியன் பார்பிக்யூ கடைக்குப் போய் வருபவர்கள் பலர், “உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, ஒரே தண்ணீர்” என்று சமையல்காரரைக் குறை சொல்கிறார்கள். அங்கே பச்சை இறைச்சி, காய்கறி, மீ (நூடுல்ஸ்), சாஸ் எல்லாவற்றையும் நாமே ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கொடுக்கிறோம். அதைப் பெரிய வட்ட இரும்புக்கல்லில் நீளக் குச்சிகளால் இரண்டு மூன்று நிமிடம் புரட்டிப் போடுவதுதான் அவர் வேலை. ருசி கெடுவது பெரும்பாலும் நாம் நிரப்பிக் கொடுக்கும் கிண்ணத்தில். (பெயரில் மங்கோலியா இருந்தாலும் இந்த உணவு பிறந்தது தைவானின் தைப்பேயில். 1951ல் வூ சாவ்நான் என்ற நகைச்சுவைக் கலைஞர் அங்கே தொடங்கிய கடையில்.)

முதலில் இறைச்சியைப் போட்டு அழுத்துங்கள். உறைந்த சீவல்கள் சுருண்டு கிடப்பதால் நிறைய இருப்பதுபோல் தோன்றும். கல்லில் பட்டதும் பாதியாகிவிடும். அதன்மேல் வெங்காயம், கேரட், குடைமிளகாய். உச்சியில் மஞ்சள் மீ வைத்தால் எல்லாம் சரியாமல் நிற்கும். தவ்கே (முளைப்பயறு), கோஸ், காளான், தக்காளி நான்கும் தண்ணீர் விடுபவை. எல்லாம் சேர்த்து ஒரு கைப்பிடி போதும். உறைந்த இறைச்சியும் நீர் விடும். இவை ஒன்றாக விழும்போது கல்லின் சூடு இறங்கி, கறி வறுபடாமல் வெந்துபோகிறது. கோபுரமாகக் குவித்த ஒரு கிண்ணத்தைவிட, பாதி நிரப்பிய இரண்டு நன்றாக வரும். கிண்ணத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கடையில் இந்த யோசனை கட்டுப்படியாகாதுதான்.

சாஸ் ஊற்றும்போது கை தயங்கக்கூடாது. பாதி கல்லிலேயே ஆவியாகிவிடும், மிச்சத்தை மீ குடித்துவிடும். சிறு கரண்டியில் சோயா இரண்டு, பூண்டுத் தண்ணீர் ஒன்று, மிளகாய் ஒன்று. மீ இருந்தால் சோயா இன்னொன்று. சீனிப்பாகு அரைக்கரண்டியைத் தாண்டினால் கருகிக் கல்லில் ஒட்டும். நல்லெண்ணெய் சில சொட்டுப் போதும்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. வெறும் காய்கறிக் கிண்ணம் கொடுத்தாலும், சற்றுமுன் மாட்டிறைச்சியும் இறாலும் புரண்ட அதே கல்லில்தான் அது வேகிறது. தண்ணீர் ஊற்றிச் சுரண்டிவிட்டால் சைவமாகிவிடாது. இறால் ஒவ்வாதவருக்கு அது ஆபத்தும்கூட. சாஸ் சட்டிகளில் சிப்பிச் சாறு, பெலாச்சான் (இறால் விழுது), சமையல் மது இருப்பது பார்த்தால் தெரியாது. ‘பன்றி இறைச்சி இல்லை’ என்ற பலகையும் முயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின்) ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல.

ஆகவே சட்டிகளின்மேல் பெயரோடு உள்ளே இருப்பதையும் எழுதி ஒட்டலாம். சைவர் கேட்டால் தனிச் சட்டியில் வதக்கித் தரலாம். முக்கியமாக, பச்சைக்கோழி இருந்த கிண்ணத்திலேயே வெந்ததைத் திருப்பிப் போடாமல் புதுத் தட்டில் தர வேண்டும். கோழித்துண்டு கனமாக இருந்தால் பிய்த்துப் பாருங்கள். நடுவில் சிவப்பாக இருந்தால் கூச்சப்படாமல் கல்லுக்கே திருப்பி அனுப்புங்கள்.

வாசகர்,
சிராங்கூன்