மழைக்காலம் வருகிறது: நம் சமுதாய வானொலி நிலையத் தன்னார்வலர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். ஐப்பசி மழை நெருங்குகிறது. சம்பா நடவில் இருப்பவர்கள் காலையில் நம்மிடம் முதலில் எதிர்பார்ப்பது மேட்டூர் நீர்மட்டமும் வானிலையும்தான். இரண்டையும் நிதானமாக, இருமுறை சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி எதையும், உண்மையாகவே இருந்தாலும், வாசிக்காதீர்கள். செய்தி என்றால், ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பத்தான் சமுதாய வானொலிக்கு அனுமதி. வெள்ள நேரத்தில் ஒரு வதந்தி ஊரையே கலங்கடித்துவிடும்.

ஒலிபரப்பிய எல்லாவற்றையும் 3 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பதிவைச் சேமித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம், வயலுக்கு ஒலிப்பதிவு செய்யப் போகிறவர்கள் நடவுப் பெண்களிடம் கேள்விகளை அடுக்க வேண்டாம். அவர்களே பேசட்டும். பாட்டு வந்தால் முழுதாகப் பதியுங்கள். அந்தக் குரல்கள்தான் நம் நிலையத்தின் உயிர்.

ஞாயிறு காலை முறைக்கு ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.