பாதரசம் போகட்டும், செய்முறை இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுநிலை வேதியியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் செய்முறை வகுப்பு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மின்னோட்டத்தை அளந்து, கரைசலில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று கண்டறியும் போலரோகிராபி செய்முறையை ஒரு கல்லூரியில் அடியோடு நீக்கிவிட்டதாக என் பழைய மாணவி சொன்னாள். இப்போது அவளும் ஆசிரியை. அதில் மின்வாயாக, அதாவது கரைசலுக்குள் மின்சாரம் செலுத்தும் முனையாக, சொட்டுச் சொட்டாக விழும் பாதரசம் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் காரணமாம். அதை நான் மறுக்கவில்லை. மேசை இடுக்கில் ஓடிய பாதரசத்தைக் கந்தகத் தூள் போட்டு அள்ளியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1922இல் பிராகு நகரில் ஹெய்ரோவ்ஸ்கி என்ற வேதியியலாளர் இந்த முறையைக் கண்டறிந்தார். 1924இல் ஜப்பானியரான ஷிகாட்டாவுடன் சேர்ந்து, வளைகோட்டைத் தானே பதியும் கருவியையும் செய்தார். 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கரைசலுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஓடும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய மின்னழுத்தம் வந்ததும் மின்னோட்டத்தில் ஒரு படியாக எழும். எந்த இடத்தில் எழுகிறது என்பது உலோகத்தின் பெயரைச் சொல்லும். எவ்வளவு உயரம் எழுகிறது என்பது அளவைச் சொல்லும்.

மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது ஏன் என்பதைக் கையால் செய்தால்தான் புரியும். மின்னோட்டத்தை மாறாமல் வைத்துத் தாமிரத்தைப் படியவிட்டுப் பாருங்கள். கரைசலில் தாமிரம் குறையக் குறைய மின்வாயின் அழுத்தம் நகர்ந்து, அடுத்த உலோகமும் சேர்ந்து படியத் தொடங்கிவிடும். எடை கூடும், விடை தப்பும். மூன்றாவதாக ஒரு மின்வாயை ஒப்பீட்டுக்கு வைத்து, அழுத்தம் நகராமல் பொட்டன்ஷியோஸ்டாட் என்ற கருவி பிடித்துக்கொண்டால் தாமிரம் மட்டும் படியும்.

வளைகோடு எந்த இடத்தில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று கணக்கிடும் வகைக்கெழு முறையில்தான் மாணவர்கள் திணறுவார்கள், அங்கேதான் நிறையக் கற்றும் கொள்வார்கள். இரண்டு உலோகங்களின் படிகள் நெருங்கி வந்தால் ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நிறைய இருக்கும் உலோகத்துக்குப் பின்னால் துளியளவு உலோகம் வந்தால் இன்னும் சிரமம். அடுத்தடுத்த இரண்டு மின்னோட்ட அளவுகளின் வித்தியாசத்தை மின்னழுத்த வித்தியாசத்தால் வகுத்து, அதை வரைதாளில் குறிக்கச் சொல்வேன். படி செங்குத்தாக ஏறிய இடம் உச்சியாக நிற்கும். ஒரே மேடாகத் தெரிந்தது இரண்டு உச்சியாகப் பிரியும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஓர் அளவைப் பிசகாகப் படித்திருந்தால் அங்கேயும் ஓர் உச்சி முளைக்கும், பொய் உச்சி. சிறு பிழையையும் வகைக்கெழு பெரிதாக்கிக் காட்டும் என்பது அன்றைக்கே மனதில் பதிந்துவிடும். இன்று கணினி கோட்டை மழமழவென்று திருத்திக் கொடுக்கிறது. அளவுக்கு மீறித் திருத்தினால் இரண்டு உச்சிகள் ஒன்றாகிவிடும் என்பதை, கையால் வகுத்துப் பார்க்காத மாணவர் எப்படிச் சந்தேகிப்பார்?

குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் உலோகம் அது. நாளைக்குக் குடிநீர்ச் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் இந்த மாணவர்கள்தான்.

பாதரசம் இல்லாமலே இதைச் செய்யலாம். கார்பன் மின்வாயில் பிஸ்மத் பூச்சு போதும் என்று 2000ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள். அமிலத்தன்மை எளிதில் மாறாத அசிடேட் தாங்கல் கரைசலில் கொஞ்சம் பிஸ்மத் உப்பைச் சேர்த்து, சுமார் −1.2 வோல்ட்டில் இரண்டு நிமிடம் நிறுத்தினால், நீரிலுள்ள காட்மியமும் ஈயமும் பிஸ்மத்தோடு சேர்ந்து படியும். பிறகு அழுத்தத்தை நேர்த்திசையில் ஏற்றினால், வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்வாயை ஒப்பீட்டுக்கு வைத்து அளக்கும்போது, ஏறத்தாழ −0.8 வோல்ட்டில் காட்மியமும் −0.5 வோல்ட்டில் ஈயமும் உச்சி காட்டிக் கரையும். தாமிரத்துக்கு மட்டும் இது அவ்வளவாக ஒத்துவராது, பிஸ்மத்தின் உச்சி பக்கத்திலேயே வந்து குறுக்கிடும்.

மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் 1953 முதல் எங்கள் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த மரபுள்ள மாநிலத்தில் இந்தச் செய்முறை ஓசையில்லாமல் மறையக் கூடாது. பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்கள் பிஸ்மத் மின்வாய்ச் செய்முறையைச் சேர்க்க வேண்டும். அதில் ஒரு வளைகோட்டுக்காவது மாணவரே கையால் வகைக்கெழு கண்டு வரைய வேண்டும் என்றும் விதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை,
காரைக்குடி.