நீ பாதியில் தூங்கிப்போன படம்

அன்புள்ள கண்ணு,

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பார்க்க உட்கார்ந்தேன், குரங்குகளே கத்திக்கொண்டிருந்தன, அப்புறம் தூங்கிவிட்டேன், இதைப் போய் எல்லாரும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். ஒரு ஸ்மைலி போட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்த நீளமான மெயில். பஸ்ஸில் போகும்போது படி.

முதலில் ஒன்று, நீ தூங்கியதில் தப்பே இல்லை. 1968 ஏப்ரலில் அந்தப் படம் அமெரிக்காவில் வெளியானபோது முதல் காட்சிகளுக்கு வந்திருந்த பெரிய மனிதர்களே எழுந்து போனார்கள். ராக் ஹட்சன் என்ற நடிகர், இது என்ன கதை என்று யாராவது எனக்குச் சொல்வீர்களா என்று கேட்டுக்கொண்டே வெளியேறினார் என்பார்கள். விமர்சகர்களில் பலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். படத்தை இயக்கிய ஸ்டான்லி குப்ரிக் சில நாட்களுக்குள் 19 நிமிடத்தை வெட்டி எடுத்தார். அலெக்ஸ் நார்த் என்று ஒருவர் இந்தப் படத்துக்கு இசை எழுதிக் கொடுத்திருந்தார், பாவம், தன்னுடைய இசையில் ஒரு துளிகூடப் படத்தில் இல்லை என்பதே அவருக்குப் படம் பார்க்கும்போதுதான் தெரிந்தது! பழைய ஸ்ட்ராஸ் இசைத்தட்டுகள் போதும் என்று குப்ரிக் முடிவு செய்துவிட்டிருந்தார். படத்தைக் காப்பாற்றியது உன் வயசுப் பிள்ளைகள்தான். கல்லூரிப் பசங்கள் திரும்பத் திரும்ப வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள், கம்பெனிக்காரர்கள் அதைக் கவனித்துப் போஸ்டர் வாசகத்தையே அவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள்.

ஆனால் நீ போனில் பார்த்திருப்பாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 70 எம்எம் திரைக்காக எடுத்ததை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் குரங்கு மட்டும்தான் மிஞ்சும். அந்தக் குரங்குகளும் ஆட்கள்தான், தெரியுமோ? வேஷம் போட்டவர்கள். அந்த வருஷம் ஒப்பனைக்கான சிறப்பு ஆஸ்கரை வேறொரு குரங்குப் படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்களுடையதை நிஜக் குரங்கு என்று நடுவர்கள் நினைத்துவிட்டார்களோ என்று கதையில் பங்குள்ள எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் பிற்பாடு கிண்டலாக எழுதினார். குப்ரிக்குக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர் இந்தப் படத்தின் காட்சித் தந்திரங்களுக்காக.

நான் முதலில் பார்த்தது கல்லூரியில், பிலிம் சொசைட்டிக்காரர்கள் வெள்ளைத் துணி கட்டிக் காட்டினார்கள், ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டு. முதல் வசனம் வருவதற்கே 25 நிமிஷம் ஆகும், அதற்குள் பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்னைப் பிடித்து உட்காரவைத்தது கதை இல்லை, சத்தமில்லாமை. அதுவரை நான் பார்த்த விண்வெளிப் படங்களில் ராக்கெட் வெடித்தால் டமால் என்று கேட்கும். இதில் ஒரு மனிதன் பிராணவாயுக் குழாய் அறுந்து இருட்டில் உருண்டு போகிறான், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. ஒலி பரவ ஊடகம் வேண்டும் என்று எங்கள் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறேன், அது பயமுறுத்தும் விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிற்பாடு இத்தனை வருஷம் பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஓடியது அந்தக் காட்சிதான்.

அப்புறம் அந்தச் சக்கரம். விண்வெளிக் கப்பலுக்குள் ஒருவன் சுவர், கூரை எல்லாம் சுற்றி ஜாகிங் ஓடுவான், பார்த்தாயா, இல்லை அதற்குள் தூங்கிவிட்டாயா? கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் எதுவும் கிடையாது. லண்டனுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோவில் 38 அடி விட்டத்தில், 30 டன் எடையில், நிஜமாகவே சுழலும் ஒரு ராட்டினத்தைக் கட்டினார்கள், ஏழரை லட்சம் டாலர் செலவு. நடிகர் எப்போதும் அடியில்தான் இருப்பார், சக்கரம்தான் அவர் காலடியில் சுழலும். கேமராவைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அவர் சுற்றி ஓடுகிற மாதிரித் தெரியும். டீச்சர் புத்தி போகாது, நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அத்தனை சின்னச் சக்கரத்தில் நிலாவில் இருக்கும் அளவுக்காவது எடை வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு ஐந்து சுற்று சுற்ற வேண்டும், உள்ளே இருப்பவனுக்குத் தலை கிறுகிறுத்துவிடும். ஆனாலும் கருத்து சரி, அதைப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட மையவிலக்கு விசை புரிந்துவிடும்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். இந்தப் படம் வந்தபோது பூமியை முழு உருண்டையாகத் தன் கண்ணால் பார்த்த மனிதர் ஒருவரும் கிடையாது. அப்பல்லோ 8 நிலாவைச் சுற்றியது அந்த வருஷம் டிசம்பரில்தான். அதனால்தான் படத்தில் வரும் பூமி கொஞ்சம் வெளிறிப்போய் இருக்கும். பின்னால் அப்பல்லோ 13-இல் போனவர்கள் தங்கள் கலத்துக்கு ஒடிசி என்று பெயர் வைத்தார்கள், 2001-இல் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய கலத்துக்கும் இந்தப் படத்தை நினைத்துத்தான் பெயர், அது இவ்வளவு வருஷம் சுற்றிக்கொண்டே இருந்தது பெரிய விஷயம். பான் ஆம் விமானக் கம்பெனி கதை உன் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. படத்தில் நிலாவுக்குப் போகும் வழியில் வருகிற விமானம் பான் ஆம் விமானம். அதே சமயத்தில் நிஜக் கம்பெனியும் நிலா டிக்கெட்டுக்குப் பெயர் பதிவு செய்துகொண்டிருந்தது, 93,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். கம்பெனி 1991-இல் திவாலாகி மூடப்பட்டது. பேரைக் கொடுத்தவர்களுக்குப் பைசா நஷ்டமில்லை, பதிவு இலவசம்.

கப்பலில் போகிற இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே தட்டையான பலகை மாதிரி ஒன்றில் டிவி பார்ப்பார்களே, 2011-இல் ஆப்பிளும் சாம்சங்கும் டேப்லெட் வடிவத்துக்காக அடித்துக்கொண்டபோது, இந்த வடிவம் உங்கள் கண்டுபிடிப்பில்லை, 1968-லேயே படத்தில் இருக்கிறது என்று சாம்சங் அந்தக் காட்சியை நீதிமன்றத்தில் நீட்டியது.

கப்பலை நடத்தும் கம்ப்யூட்டர் ஹால் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் ஆபீசிலேயே அந்தச் சிவப்புக் கண்ணை வைத்து ஜோக் அடிப்பார்கள் என்று நீதான் சொன்னாய். கதவைத் திற என்றால், மன்னியுங்கள், முடியாது என்று மரியாதையாகச் சொல்லும் இயந்திரம். டக்ளஸ் ரெய்ன் என்ற கனடா நாடக நடிகரின் குரல் அது, கோபமே இல்லாத குரல், அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. அதை அணைக்கும்போது ஒரு பழைய பாட்டைப் பாடும் அல்லவா, அதுவும் கற்பனை இல்லை. 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் கம்ப்யூட்டர் ஒன்றை அதே பாட்டைப் பாடவைத்திருந்தார்கள், கிளார்க் அங்கே போனபோது நேரில் கேட்டிருக்கிறார். கிளார்க் யாரென்று மறந்திருப்பாய். கதையை குப்ரிக்கோடு சேர்ந்து எழுதியவர், 1956-இலிருந்து இலங்கையில் குடியிருந்து 2008-இல் கொழும்பிலேயே இறந்தவர். பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் செயற்கைக்கோளை நிறுத்தினால் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும், அதன் வழியே உலகம் முழுக்கப் பேசலாம் என்று 1945-லேயே கட்டுரை எழுதியவர்.

இதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது வேறு இரண்டு காட்சிகளுக்காக. கல்லூரியில் பார்த்தபோது அவை என் கண்ணில் படவே இல்லை.

ஒன்று, நிலாவுக்குப் போகிற விஞ்ஞானி வழியில் விண்வெளி நிலையத்திலிருந்து வீட்டுக்கு வீடியோ போன் போடுவார். குட்டிப் பெண் எடுப்பாள். குப்ரிக்கின் சொந்த மகளே நடித்தாள். அம்மா கடைக்குப் போயிருக்கிறாள். அப்பா உன் பிறந்தநாளுக்கு வர முடியாது, என்ன வேண்டும் கேள் என்பார். அவள் நாற்காலியில் நெளிந்துகொண்டே டெலிபோன் வேண்டும் என்பாள், அது வீட்டில் நிறைய இருக்கிறதே என்றதும் வேறொரு குட்டி மிருகத்தைக் கேட்பாள். பேசி முடித்ததும் திரையில் கட்டணம் வரும், ஒரு டாலர் எழுபது சென்ட். அவ்வளவுதான் காட்சி. கதைக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது, வியாழன் கிரகத்துக்குப் போகிற கப்பலில் ஃபிராங்க் என்ற பையனுக்குப் பிறந்தநாள். பூமியிலிருந்து அப்பா அம்மா கேக்கை முன்னால் வைத்துக்கொண்டு பதிவு செய்து அனுப்பிய வாழ்த்து வருகிறது. அவன் குளிர்கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் படுத்தபடி பார்க்கிறான். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அம்மா இரண்டாம் வகுப்பு டீச்சர், என் வகுப்பில் நீ பெரிய ஆள், பிள்ளைகள் எல்லாரும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள் என்கிறாள். அப்பா சம்பளப் பாக்கி விஷயம் பேசுகிறார். இரண்டு பேரும் சுருதி சேராமல் பாட்டுப் பாடிவிட்டு அடுத்த புதன்கிழமை பார்க்கலாம் என்று முடிக்கிறார்கள். படுக்கையை இன்னும் கொஞ்சம் தட்டையாக்கு என்று அவன் கம்ப்யூட்டரிடம் சொல்கிறான். அந்தக் கம்ப்யூட்டரும் அவனுக்கு வாழ்த்துச் சொல்கிறது, பின்னால் அவனைக் கொல்லப்போவதும் அதுதான்.

ஜான் லேண்டிஸ் என்ற இயக்குநர் அந்தப் புதன்கிழமை வரியைத் தன் படங்கள் பலவற்றில் எங்கேயாவது விளையாட்டாக ஒளித்துவைப்பாராம். எனக்கு அதில் விளையாட்டு தெரியவில்லை. நீ போன பிறகு டிவியில் இந்தப் படத்தை மறுபடி போட்டார்கள், அந்த இடம் வந்ததும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த அம்மா புதன்கிழமைக்கு என்ன பேசுவது என்று யோசித்துவைத்திருப்பாள், அதுபற்றிப் படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒருமுறை கேக்கைக் காட்டிவிட்டு வேறெங்கோ போய்விடுகிறது. குப்ரிக்குக்கு மனுஷர்கள் மேல் அக்கறையே இல்லை, ஜில்லென்ற ஆள் என்று சொல்பவர்களை என்னால் நம்ப முடியவில்லை. அக்கறை இல்லாதவன் சுருதி சேராத பாட்டை அப்படியே விட்டுவைக்க மாட்டான், நல்ல பாடகரை வைத்துப் பாடவைத்திருப்பான்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை, உடனே போன் பண்ணி சாரி சொல்லாதே. போன பிறந்தநாளுக்கு நாங்கள் இங்கே பாடியபோது நீ காதில் மாட்டியதோடு மீட்டிங்கில் தலையாட்டிக்கொண்டிருந்தாய், அது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது, அவர் பாட்டில் மும்முரமாக இருந்தார். ஃபிராங்க்கும் கெட்ட பையன் இல்லை. ஏழு நிமிஷம் தாமதமாக வந்து சேரும் பேச்சுக்கு யார்தான் முகத்தில் என்ன காட்ட முடியும்?

கடைசியில் வரும் வண்ண வெளிச்சம், வெள்ளை அறை, குழந்தை எல்லாவற்றுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்காதே. நாவலில் கிளார்க் விளக்கியிருக்கிறார், எனக்கு அந்த விளக்கம் பிடிக்கவில்லை. வேண்டுமானால் படி.

டிசம்பரில் வரும்போது பெரிய டிவியில் போட்டுப் பார்ப்போம், அந்த எச்டிஎம்ஐ வயரை மறக்காமல் எடுத்து வா, இங்கே இருப்பதை எலி கடித்துவிட்டது. போனை அடுத்த அறையில் வைத்துவிட வேண்டும். குரங்கு வரும் பகுதி முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டால் போதும், அதுவரை அவர் வெளியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும்.

அன்புடன்,
அம்மா