கேலி இருக்கட்டும், கணக்கை எழுதி வையுங்கள்: அண்டைப் பெருநகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகர மன்ற உறுப்பினர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டு பெருநகரங்கள் இருந்தால் அவற்றுக்குள் சீண்டல் இல்லாமல் இருக்காது. அதைக் கண்டு பதறி ‘நட்புறவு ஆண்டு’ என்று ஒன்றை அறிவிப்பதும், இரு நகரச் சின்னங்களையும் ஒட்டி மூன்றாவதாக ஒன்று வரைவதும், ‘நாம் எல்லோரும் ஒன்றே’ என்று பதாகை கட்டுவதும் பல மன்றங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நகரத் திட்டமிடலிலும் பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் வேலை செய்யும் நாங்கள் இதை எழுதுவது அந்தப் பதாகையை இறக்கச் சொல்லித்தான். சீண்டலால் எந்த நகரமும் கெட்டுப்போனதில்லை. விமான நிலையம், துறைமுகம், வரி, தலைக்கணக்கு இவற்றில் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைக்காமல் விட்டதால்தான் பணமும் ஆண்டுகளும் வீணாகியிருக்கின்றன. இது பங்காளிச் சண்டை மாதிரி. முகஜாடை ஒன்றாக இருப்பதில் தகராறு இல்லை, வரப்பில்தான் தகராறு.

முதலில் முகஜாடை. ரைன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஜெர்மனியின் கொலோனையும் டுசெல்டோர்ஃபையும் பாருங்கள். கொலோனின் பியர் கோல்ஷ், வெளிர் தங்க நிறம். டுசெல்டோர்ஃபின் பியர் ஆல்ட், செம்பு நிறம். ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு மற்ற ஊர் பியரைக் கேட்டால் நக்கல் நிச்சயம். ஆனால் பியர் தயாரிப்பவர்களின் கண்ணில் இரண்டும் ஒரே குடும்பம். ஜெர்மனியில் விற்கும் பியரில் பெரும்பகுதி அடியில் படியும் ஈஸ்ட்டால் குளிரில் புளிப்பது. இந்த இரண்டும் மேலே மிதக்கும் ஈஸ்ட்டால் மிதமான வெப்பத்தில் புளித்து, அதன் பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடக்கின்றன. பெரிய வேறுபாடு மால்ட்டில்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில். வெளிறிய மால்ட் போட்டால் ஒன்று, நிறம் ஏற்றிய மால்ட்டும் சேர்த்தால் மற்றது.

பரிமாறுவதும் அப்படியே. இரண்டு ஊரிலும் பழைய பியர் விடுதிகளில் பரிமாறுபவருக்குப் பெயர் கோபெஸ், இடுப்பில் நீல ஏப்ரன். கோப்பை காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கோப்பையை மூட வேண்டும். கடைசியில் கோடுகளை எண்ணிப் பணம். இதில் எந்த ஊர் எந்த ஊரிடமிருந்து எடுத்தது என்று விவாதிக்க ஆரம்பித்தால் இரவு விடிந்துவிடும். விவாதிக்கட்டும், அதில் நட்டம் யாருக்கும் இல்லை.

பகையின் பழங்கதையையும் சரிபார்த்துவிட்டு மேடை ஏற்றுங்கள். 1288-இல் நடந்த வோரிங்கன் போரில்தான் இந்த இரு ஊர்ப் பகை தொடங்கியது என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தப் போரில் கொலோன் நகரத்தார் நின்றது டுசெல்டோர்ஃபின் பிரபுவான பெர்க் கோமகனின் பக்கம். எதிர்த்தது தங்கள் சொந்தப் பேராயரை. டுசெல்டோர்ஃப் அப்போது ஒரு கிராமம். வெற்றிக்குப் பிறகு அதே ஆண்டில்தான் அதற்கு நகர உரிமை கிடைத்தது. ஊரறிந்த பகைக் கதைகளில் பாதி இப்படித்தான், தேதியோடு உரசிப் பார்த்தால் உதிர்ந்துவிடும். இங்கிலாந்தின் மேன்செஸ்டர் நகரச் சின்னத்தில் உள்ள கப்பல், பக்கத்துத் துறைமுக நகரமான லிவர்பூலை மீறி வெட்டிய கால்வாயைக் குறிக்கிறது என்பது இன்னொன்று. கப்பல் அந்தச் சின்னத்தில் ஏறியது 1842-இல். கால்வாய் திறந்தது 1894-இல்.

இனி விழாக் குழுவுக்கு. கூட்டு விழா என்றால் இரு ஊர்ப் பண்டங்களையும் கலந்து ஒரே தட்டில் வைத்து, பொதுவான ஒரு பெயரும் சூட்டிவிடுகிறீர்கள். இரு ஊர்க்காரருக்கும் அது பிடிக்காது, ஏனென்றால் சண்டை போட அதில் எதுவும் மிச்சமில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு உப்பும் சாஸும், கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும். இந்த அற்ப வேறுபாட்டைத்தான் மக்கள் ஆசையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கலக்காதீர்கள், தனித்தனி மேசையில் வையுங்கள். ‘எங்களுடையது வேறு’ என்பதைச் சோதிக்க ஆசை இருந்தால் முறையாகச் செய்யலாம். உணவுத் துறையில் முக்கோணச் சோதனை என்பார்கள். ஒரே பண்டம் இரண்டு கோப்பையில், மற்றது ஒரு கோப்பையில். எது தனி என்று சுவைப்பவர் சொல்ல வேண்டும். வைக்கும் வரிசை ஆறு விதமாக அமையும், எனவே 30 பேர் என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் 5 பேர். நிறம் காட்டிக்கொடுக்காத கோப்பை, மூன்றுக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே அளவு. குருட்டாம்போக்கில் சொன்னாலே 10 பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். 15 பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு நாக்குக்குத் தெரிகிறது என்று அறிவிக்கலாம். இந்தச் சோதனை பெரும்பாலும் கெடுவது வெப்பநிலையில்: உள்ளூர்ப் பண்டம் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருக்கும், பக்கத்து ஊர்ப் பண்டம் வண்டியில் வந்து ஆறிப்போயிருக்கும்.

நடுவர்கள் இரு ஊரிலிருந்தும் சம எண்ணிக்கையில், வெளியூர்க்காரர் ஒருவர் கூடுதலாக. இடம் ஆண்டுக்கு ஓர் ஊர். பேச்சுவழக்கைக் கிண்டல் செய்யும் நிகழ்ச்சி வைத்தால் அந்தந்த ஊர்ப் பேச்சை அந்தந்த ஊர்க்காரரே கிண்டல் செய்யட்டும். அடுத்தவர் வாயில் வந்தால் அதே வாக்கியம் வசவாகிவிடும். கண்காட்சியில் ஒரே வேலைக்குப் பயன்படும் இரு ஊர்ப் பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளக்க அட்டையை அந்தந்த ஊரே சம நீளத்தில் எழுதட்டும். ‘முதன்முதலில்’ என்ற சொல்லைத் தேதியிட்ட ஆவணம் இல்லாமல் எந்த அட்டையிலும் அனுமதிக்காதீர்கள். விளையாட்டு ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: விருந்தாளி ரசிகர்களுக்குத் தனி வாயில், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் ஊர் திரும்ப ரயில். இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலான தகராறு அடங்கிவிடும்.

வரப்புக்கு வருவோம். அமெரிக்காவின் டெக்சாஸில் டல்லஸும் ஃபோர்ட் வொர்த்தும் 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. 1940-களில் இரண்டுக்கும் நடுவே பொது விமான நிலையம் கட்டப் பேசினார்கள். முனையத்தின் முகப்பு எந்த ஊரைப் பார்ப்பது என்பதில் பேச்சு முறிந்தது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் முகப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் சாலையும் ஹோட்டலும் வாடகை வண்டியும் வரும் என்பது இரு மன்றங்களுக்கும் தெரிந்திருந்தது. விளைவு, ஊருக்கொரு நிலையம். 1964-இல் நடுவண் விமானப் போக்குவரத்து வாரியம் தலையிட்டு, 180 நாளில் நீங்களே ஒரு பொது இடத்தைச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாங்கள் சொல்கிறோம் என்றது. அதன்பிறகுதான் வேலை நகர்ந்தது. 1974 ஜனவரியில் பொது நிலையம் திறந்தது.

அங்கே பங்கை எண்ணாகவே எழுதினார்கள். ஆளும் குழுவில் வாக்குள்ள இடங்கள் 11; டல்லஸுக்கு 7, ஃபோர்ட் வொர்த்துக்கு 4. ‘சமபங்கு’ என்று வீராப்புக்காக எழுதியிருந்தால் ஒவ்வொரு தீர்மானமும் சரிபாதியில் முட்டி நின்றிருக்கும். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு முறைவைத்து வரும் வாக்கில்லாத ஓர் இடமும் உண்டு. ஓடுதளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் அவர்கள், கூட்டத்தில் ஒரு நாற்காலியாவது வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஓர் ஓட்டை விட்டுவிட்டார்கள். டல்லஸின் பழைய நிலையமான லவ் ஃபீல்டிலிருந்து விமான நிறுவனங்கள் எல்லாம் புதியதற்கு மாற வேண்டும் என்பது 1968-இல் எழுதிய ஏற்பாடு. அப்போது பறந்துகொண்டிருந்த நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. சௌத்வெஸ்ட் என்ற விமான நிறுவனம் பறக்க ஆரம்பித்தது 1971-இல். அது எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை, பழைய நிலையத்திலேயே இருப்பேன் என்றது, நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. அங்கிருந்து எந்த மாநிலங்களுக்குப் பறக்கலாம் என்று கட்டுப்படுத்த 1979-இல் நாடாளுமன்றச் சட்டமே தேவைப்பட்டது. அந்தக் கட்டுப்பாடு முழுதாக நீங்கியது 2014-இல். ஆகவே உங்கள் உடன்படிக்கையில் ‘இப்போது இயங்குவோர்’ என்று மட்டும் எழுதாதீர்கள், ‘இனி வருவோரும்’ என்று சேருங்கள். பழைய வசதி எந்தத் தேதியில் மூடப்படும், மூடிய நிலம் யாருக்கு என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். முட்டுக்கட்டை விழுந்தால் எத்தனை நாள் கழித்து வெளி நடுவரிடம் போவது, அந்த நடுவரை யார் நியமிப்பது என்பதையும் இருவரும் சிரித்த முகத்தோடு இருக்கும் முதல் மாதத்திலேயே எழுதிவிடுங்கள். சண்டை வந்தபின் நடுவரின் பெயரில்கூட உடன்பாடு வராது.

துறைமுகத்தில் இதே கதை வேறு உருவில். 19-ஆம் நூற்றாண்டில் மேன்செஸ்டரின் பருத்தி லிவர்பூல் வழியாகத்தான் வந்து போக வேண்டும். துறைக் கட்டணமும் ரயில் கட்டணமும் ஆலைக்காரர்களை அரித்தன. கட்டணத்தைப் பேசித் தீர்க்க வழி பிறக்கவில்லை. நாடாளுமன்றத்தில் இரண்டு முறை தோற்று, 1885-இல் மூன்றாம் முறை அனுமதி வாங்கி, 58 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் கடல் கப்பலை ஊருக்குள்ளேயே கொண்டுவந்தது மேன்செஸ்டர். தீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கப்பல்கள் பெரிதானதும் கொள்கலன்கள் வந்ததும் இரு ஊரையும் சேர்த்தே அடித்தன: லிவர்பூலின் தென்துறைகள் 1972-இலும் மேன்செஸ்டர் துறைகள் 1982-இலும் மூடப்பட்டன. வசதி ஓர் ஊரிலும் வாடிக்கையாளர் மற்ற ஊரிலும் இருந்தால், கட்டணம் எந்தச் சூத்திரத்தில் ஏறும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை என்பது எழுத்தில் இருக்கட்டும்.

தலைக்கணக்கில் யார் பெரியவர் என்ற போட்டியைத்தான் மன்றங்கள் விளையாட்டு என்று நினைத்து அசட்டையாக விடுகின்றன. அமெரிக்காவில் மினியாபொலிஸும் செயின்ட் பாலும் ஆற்றுக்கு இருபுறமும் வளர்ந்த ஊர்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டுமே கள்ளக் கணக்கு எழுதின. மினியாபொலிஸ் கணக்கெடுப்பாளர்கள் சிலர் கைதானார்கள். செயின்ட் பாலில் ரயில் நிலையத்திலேயே 275 பேர் குடியிருப்பதாக எழுதியிருந்தார்கள். மறுகணக்கில் மினியாபொலிஸுக்கு 18,000-க்கு மேலும் செயின்ட் பாலுக்கு 9,000-க்கு மேலும் கழிந்தது. இன்று அப்படிப் பொய் எழுத வேண்டியதில்லை, எல்லைக் கோட்டை நகர்த்தினால் போதும். 2023-இல் மெல்போர்ன் சிட்னியை முந்திவிட்டது என்ற செய்தி வந்தது. ஓரத்திலிருந்த மெல்ட்டன் பகுதியை மெல்போர்னின் தொடர்நகர (இடைவிடாமல் கட்டடம் உள்ள பகுதி) எல்லைக்குள் சேர்த்ததில் வந்த வித்தியாசம் அது. அகன்ற பெருநகர எல்லையை எடுத்தால் சிட்னிதான் அப்போதும் பெரிது. இரண்டு எண்ணும் சரி, எல்லைதான் வேறு. எனவே நகரத்தைப் பற்றி வெளியிடும் எந்த எண்ணுக்கும் அருகே எல்லை வரைபடத்தைப் போடுங்கள்; மன்ற எல்லை, தொடர்ந்து கட்டடம் உள்ள பகுதி, வேலைக்கு வந்துபோகும் வட்டாரம் என மூன்று எண்ணையும் தாருங்கள். மானியம் தலைக்கணக்கில் பிரிகிறது என்றால் இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை.

அதே மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரம்தான் பின்னாளில் நாங்கள் அறிந்த மிக உருப்படியான ஏற்பாட்டையும் செய்தது. ஒரு கம்பெனி வருகிறது என்றால் இரு ஊரும் வரிச்சலுகையைக் கூட்டிக் கூட்டி ஏலம் விடும். கடைசியில் ஜெயித்த ஊருக்கும் வரி வராது. இதற்கு 1971-இல் மினசோட்டா மாநிலச் சட்டம் ஒரு தீர்வு சொன்னது. வட்டாரத்தின் ஏழு கவுண்டிகளிலும் (மாவட்டம் போன்றவை) வணிக, தொழில் சொத்துகளின் வரி அடிப்படை, அதாவது வரி விதிக்கும் மதிப்பு, அதன்பின் வளர்வதில் 40 விழுக்காடு பொதுக் குடத்தில் விழும். மக்கள்தொகையையும் தலைக்கு எவ்வளவு சொத்து மதிப்பு என்பதையும் பார்த்து அது திரும்பப் பிரியும், சொத்து குறைந்த ஊருக்குக் கூடுதலாக. ஏற்கெனவே இருந்ததில் யாரும் கைவைக்கவில்லை, வளர்ச்சியில் மட்டும்தான் பங்கு. அதனால்தான் பணக்கார ஊர்களையும் உள்ளே கொண்டுவர முடிந்தது. கையில் இருப்பதைக் கேட்டிருந்தால் ஒரு மன்றமும் வந்திருக்காது.

தலைநகரம் யாருக்கு என்ற சண்டை உங்களில் சிலருக்கு உண்டு. மூன்றாவது ஊரைத் தேடுவதாக முடிவெடுத்தால், இடைக்கால ஏற்பாட்டுக்கு முடிவுத் தேதி வையுங்கள். ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 125-ஆம் பிரிவு, தலைநகரம் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும் என்றது. அதுவரை நாடாளுமன்றம் மெல்போர்னில் கூடட்டும் என்றது. எது வரை என்று தேதி இல்லை. 1901-இல் கூடியவர்கள் கான்பராவுக்குப் போனது 1927-இல்.

அடுத்த கூட்டுக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு மன்றமும் இரண்டு தாள் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒன்றில், பக்கத்து நகரத்தோடு பங்கிடும் வசதிகள், ஒவ்வொன்றிலும் இன்று நடைமுறையில் இருக்கும் பங்கு, அதற்கு எழுத்து ஆதாரம் உண்டா இல்லையா. மற்றதில், அடுத்த பத்தாண்டில் கட்டப்போகும் பெரிய வசதிகள், அவற்றால் பக்கத்து ஊரில் மூடப்படக்கூடியவை. ‘ஆதாரம் இல்லை’ என்று வரும் வரிகளிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். நட்புறவு ஆண்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு நில அளவையாளரையும் உடன்படிக்கை எழுதத் தெரிந்த ஒரு வழக்கறிஞரையும் அமர்த்திக்கொள்ளலாம். சின்னம் வரைய ஏற்கெனவே ஆள் பிடித்திருந்தால், அவர் எல்லை வரைபடத்தைப் போடட்டும்.

இப்படிக்கு,
நகரத் திட்டமிடலிலும் பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் பணிபுரிவோர்