கடைசி ஐந்து பெயர்கள்

பட்டர்வொர்த்

அன்பு மகளுக்கு,

நீ போனில் சொன்ன செய்தி இன்னும் மனசுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. மலேசியாவின் 17 வயதுக்குட்பட்ட தேசியக் காற்பந்து அணிக்கு ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும் குழுவில் உனக்கும் ஓர் இடம். "பெயருக்கு உதவியாளர்தான், ஆனால் மதிப்பெண் தாளில் என் கையெழுத்தும் இருக்கும்ப்பா" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் காலையிலேயே தண்ணீர்மலைக்குப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

நான் சொல்ல நினைப்பதைப் போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். விளையாட்டு அறிவியல் நீ படித்தவள், எனக்குத் தெரியாதது உனக்கு நிறையத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளைத் திடலில் வைத்துப் பழக்கிய மனுஷன் சொல்வதாக இதை எடுத்துக்கொள்.

ஆசியப் போட்டிக்கு 23 பேர் கொண்ட பட்டியல் போகும். மூன்று பேர் கோல்காவலர்கள். மிச்சம் இருபது பேரில் பதினைந்து பெயரை, ரெண்டு ஆட்டம் பார்த்த யாரும் எழுதிவிடலாம். அந்தப் பதினைந்து பேருக்காக யாரும் சண்டை போட மாட்டார்கள். கடைசி ஐந்து பெயர்தான் விஷயமே. சிபாரிசு வருவது அந்த ஐந்து இடத்துக்கு. "இவன் போன வருஷமும் இருந்தானே" என்ற பேச்சு வருவதும், அடுத்த மாசம் ஜெயித்தாக வேண்டும் என்ற அவசரம் வந்து உட்காருவதும் அங்கேதான். உன் கவனத்தையெல்லாம் அந்த ஐந்துக்குச் சேர்த்து வை.

முதலில் பிறந்த மாசத்தைப் பார். வயதுக் கணக்கு ஜனவரி 1-இல் தொடங்குகிறது. ஜனவரி 3-ஆம் தேதி பிறந்தவனும் டிசம்பர் 28-ஆம் தேதி பிறந்தவனும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள் என்று ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம். பத்தொன்பது இருபது வயதில் அது பெரிதாகத் தெரியாது. பதினாலு பதினைந்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 1997 முதல் 2007 வரை நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டிகளை ஆராய்ந்து பார்த்ததில், ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள். கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் 16 விழுக்காடுதான். அக்டோபரில் பிறந்த பிள்ளைகளுக்குக் காலில் திறமை இல்லாமலா போகும்? பார்க்கிறவர்களின் கண் உயரமான பையனிடமே போய் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு மேல் உடல் வளர்ச்சி வேறு. ஒருவன் பன்னிரண்டு வயதில் விறுவிறுவென்று வளர்ந்துவிடுவான், இன்னொருவன் பதினாறு வரை காத்திருப்பான். 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்திலிருந்து மணிக்கட்டை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் முறையை ஃபிஃபா கொண்டுவந்தது. வயது கூடினவனைப் பிடிக்க அது உதவும். தாமதமாக வளரும் பையன் யார் என்று எந்தத் தெரிவுக் குழுவுக்கும் அது வந்து சொல்லப்போவதில்லை. அதை உன் கண்தான் பார்க்க வேண்டும். பெல்ஜியத்துக்காரர்கள் தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கென்றே தேசிய அளவில் தனி அணி வைத்து ஆட விட்டார்கள். சின்ன நாடு, ஒரு பிள்ளையைக்கூட வீணாக விட அவர்களுக்கு மனசு வரவில்லை. நமக்கும் அந்த மனசு வேண்டும்.

போன சனிக்கிழமை பாடாங் பிரவுன் திடலில் ஒரு தெரிவாட்டத்தை நின்று பார்த்தேன். 22-ஆம் எண் போட்ட பையன் ஒருவன். ஜெர்சி தொடை வரைக்கும் தொங்குகிறது, கையை இரண்டு தடவை மடித்து விட்டிருக்கிறான். பந்து எங்கோ அந்தப் பக்கம் இருக்கும்போதே அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது. இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, அப்புறம் பந்து. பந்து வந்து சேரும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. முதல் தொடுதலிலேயே உடம்பைத் திறந்து, காலியான பக்கத்துக்குப் பந்தைத் தள்ளினான். எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரன் பெரிய ஆள், மீசை அரும்பிய பையன். ரெண்டு தடவை இவனை மோதித் தள்ளிவிட்டான். மூன்றாவது தடவை மோத வந்தபோது பந்து இவனிடம் இல்லை, ஒரே தொடுதலில் கைமாறிவிட்டது. பெரியவன் காற்றைத்தான் மோதினான். பந்தை இழந்த ஒரு தருணத்தில் சின்னவன் நின்று கையை விரிக்கவில்லை, உடனே ஏழெட்டு அடி பின்னால் ஓடி வழியை அடைத்தான்.

ஓரத்தில் பட்டியலோடு நின்றவர் மீசைக்காரப் பையன் பெயருக்குப் பக்கத்தில் சரி போட்டார். சின்னவனிடம், "நல்லா ஆடுற தம்பி, கொஞ்சம் வளர்ந்துட்டு அடுத்த வருஷம் வா" என்றார். அடுத்த வருஷம் அவன் வருவான் என்று என்ன நிச்சயம்? அதற்குள் வீட்டில் டியூஷனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தலையாட்டலை நீ எண்ணிப் பார். நார்வே ஆய்வாளர் கெயிர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார். பந்து வருவதற்கு முன்னால் அடிக்கடி சுற்றிப் பார்க்கிறவர்கள் முன்னோக்கிக் கொடுக்கும் பந்துகளைச் சரியாகச் சேர்க்கிறார்கள் என்று கண்டார். உன்னிடம் வீடியோ இருக்கிறது. வேகத்தையும் குதிக்கும் உயரத்தையும் அளக்கும் தாளில் இதற்கும் ஒரு கட்டம் போடு. ஓட்டத்தைப் பயிற்சியில் கொஞ்சம் கூட்டலாம், உயரம் தானாக வரும். பதினாறு வயது வரை பார்க்கப் பழகாதவனைப் பார்க்க வைப்பது ரொம்பக் கஷ்டம்.

1997-இல் உலக இளையோர் கிண்ணம் நம் நாட்டில்தான் நடந்தது. இறுதியாட்டம் ஷா ஆலாமில், அர்ஜென்டினா 2-1 என்று உருகுவேயை வென்றது. ரிக்கெல்மே, கம்பியாசோ எல்லாம் அந்த அணியில் இருந்தார்கள். என் கண் முழுக்கப் பாப்லோ ஐமார் மேல்தான். இருபது வயதுக்குட்பட்டவர்களுக்கான போட்டியில் பதினேழு வயதுப் பையன், நவம்பர் மாசத்துப் பிள்ளை, ஒல்லியான உடம்பு. பக்கத்தில் நின்றவர்களெல்லாம் வளர்ந்த ஆம்பளைகள் மாதிரி இருந்தார்கள். பயிற்றுநர் ஹோசே பெக்கர்மன் அவனை ஆட விட்டார். அவர் 1995, 1997, 2001 என மூன்று முறை அந்தக் கிண்ணத்தை வென்றவர். பந்தை வைத்து யோசிக்கத் தெரிந்த பிள்ளையைத் தேடினால் கிண்ணம் வராமல் போய்விடும் என்று இனி யாராவது உன்னிடம் சொன்னால் அவர் பெயரைச் சொல்லு. கிரீஸ்மனைச் சின்ன உடம்பு என்று பிரான்ஸ் கிளப்புகள் கைவிட்டன, ஸ்பெயினுக்குப் போய்த்தான் ஆளானான். கான்டே பிரான்சின் இளையோர் அணி எதிலும் ஆடியதே இல்லை. இருவரும் 2018-இல் உலகக் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

அடுத்தது, யார் தெரிவுக்கு வந்தார்கள் என்பதோடு யார் வரவில்லை என்பதையும் கேள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன அணியில் எம். சந்திரன் இருந்தார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணிக்குக் கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். அந்தக் காலத்தில் தோட்டத்துக்கு ஒரு திடல், திடலுக்கு ஒரு குழு. சாயங்காலம் ரப்பர் மரத்து நிழல் இறங்கினால் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். தோட்டங்கள் தாமான்களாக, வீடமைப்புப் பகுதிகளாக மாறின, சனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள், திடல் போய்விட்டது. இப்போது மணிக்கணக்குக்குக் காசு கட்டி ஃபுட்சால் கோர்ட்டில் ஆட வேண்டும். சின்னத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் பதினொரு பேரைச் சேர்ப்பதே பாடு. தெரிவு பற்றிய அறிவிப்பு ஆசிரியர் கைக்கு வந்து, அவருக்கு அக்கறை இருந்தால்தான் பிள்ளைக்குத் தெரியும். தெரிந்தாலும், ராத்திரி லாரி ஓட்டிவிட்டு வந்து தூங்கும் அப்பா காலை ஏழு மணிக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போவார்?

நம் தமிழ்ப் பிள்ளை என்பதற்காக நீ யாரையும் உள்ளே எடுக்காதே. அது அந்தப் பிள்ளைக்கே நல்லதில்லை. பெயர்கள் எந்த மாவட்டத்திலிருந்து, எந்தப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கின்றன என்று மட்டும் ஒரு முறை பிரித்துப் பார். நிபோங் தெபாலிலிருந்தோ சுங்கை பட்டாணியிலிருந்தோ ஒரு பெயர்கூட இல்லை என்றால், அங்கே ஆட்டக்காரன் இல்லை என்று அர்த்தமா, பார்க்க ஆள் போகவில்லை என்று அர்த்தமா? சபா, சரவாக் பக்கத்துப் பிள்ளைகளுக்கும், உள்ளே கிடக்கும் கம்பத்துப் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான்.

2014-இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது நல்ல காரியம். கம்பாங்கில் அந்தக் காலத்துத் தேசிய ஆட்டக்காரர் மொக்தார் டஹாரி பெயரில் அகாடமியும் இருக்கிறது. அங்கே பதின்மூன்று வயதில் சேர்ந்த பிள்ளைக்கு நல்ல சாப்பாடு, நல்ல திடல், தினமும் பயிற்சி. பதினாறில் அவன் மெருகோடு இருப்பான், இருக்கத்தான் வேண்டும். வெளியிலிருந்து வரும் பையன் ரெண்டு இடத்தில் தப்பாக நிற்பான், சைகை புரியாமல் விழிப்பான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறான் என்று பார். காலையில் சொன்னதை மதியம் செய்துவிட்டான் என்றால் அவன் பெயரை அந்த ஐந்துக்குள் எழுது.

பயிற்றுநர் கே. ராஜகோபால் 2009-இல் 23 வயதுக்குட்பட்ட அணியோடு லாவோஸுக்குப் போய், இருபது வருஷம் கழித்து சீ விளையாட்டு எனும் தென்கிழக்காசியப் போட்டியின் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்த இளையவர்களில் பலரை வைத்துத்தான் மறு வருஷம் ஆசியான் கிண்ணத்தையும் வென்றார். நீ இன்று எழுதும் பட்டியல் ஐந்தாறு வருஷம் கழித்து புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ஆடப்போகும் அணி. ஒவ்வொரு பெயருக்கும் நேராக, இருபத்திரண்டு வயதில் இவன் எங்கே ஆடுவான் என்று ஒரு வரி எழுதிப் பார். எழுத முடியாத பெயர்கள் சிலது இருக்கும். அவர்களில் சிலர் இப்போது கோல் போடுகிறவர்களாகவே இருப்பார்கள்.

கூட்டத்தில் உட்காரும்போது, மற்றவர்கள் பேசத் தொடங்குவதற்கு முன்னாலேயே உன் மதிப்பெண்ணை எழுதி முடித்துவிடு. மூத்தவர் ஒருவர் "இந்தப் பையன் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால் எல்லார் பேனாவும் அந்தப் பக்கம் சாயும். அதற்காக எதிர்த்துப் பேச வேண்டும் என்றில்லை. மரியாதையாக, "சார், நான் இப்படி எழுதியிருக்கிறேன், காரணம் இது" என்று தாளை நீட்டு. அந்த மேசையில் நீதான் வயதில் சின்னவள், பெண் பிள்ளையும் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். எண்ணும் காரணமும் கையில் இருந்தால் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் தாளில் இருக்கட்டும்.

இன்னொன்று. எடுக்கப்படாத பிள்ளைக்கு யாராவது நேரில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு தெரிவில் பட்டியலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பெயர் இல்லாத பிள்ளைகள் கைப்பேசியை மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடியதைப் பார்த்தேன். ஒரு அம்மா என்னிடம் வந்து, "அய்யா, எழுத்துப் பிழையாக இருக்குமா?" என்று கேட்டார். உங்கள் குழுவில் அப்படி நடக்க விடாதே. ஒவ்வொருவனுக்கும் மூன்று நிமிஷம் போதும். எது நன்றாக இருந்தது, எதைச் சரி செய்ய வேண்டும், மறுபடி எப்போது பார்ப்போம். இந்த மூன்றையும் சொன்னால் அவன் பூட்ஸைக் கட்டிக்கொண்டு திரும்ப வருவான்.

பிறந்த மாசத்தை மதிப்பெண் தாளிலேயே ஒரு கட்டமாகச் சேர்க்க முடியுமா என்று உன் பெரியவரிடம் கேட்டுப் பார். செலவில்லாத வேலை, மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். வடக்குப் பகுதித் தெரிவு எங்கே, எப்போது என்று முடிவானதும் எனக்குச் சொல்லு. அந்த 22-ஆம் எண் பையனின் பயிற்றுநரிடம் பேசி வைத்திருக்கிறேன், அவனை என் காரிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எல்லாரையும் பார்ப்பதுபோல அவனையும் பார், அது போதும்.

அம்மா மாங்காய் ஊறுகாயும் முறுக்கும் கட்டி வைத்திருக்கிறாள், பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறோம். வெயிலில் நிற்கும்போது தொப்பி போட்டுக்கொள், தண்ணீர் குடி. இடது காலில் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரன் யாரும் இன்னும் கிடைக்கவில்லை என்றாயே, கிடைத்தானா?

அன்புடன்,
அப்பா