முடிச்சு அவிழாத மஞ்சள் பை

மாப்ளே,

பொங்கலுக்குள் எழுதுகிறேன் என்றவன் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன், தப்புதான். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. உன் தொப்பை எப்படி இருக்கிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம்ம மொட்டை, எம்.எல்.ஏ. சீட்டு கேட்டு, கட்சி நேர்காணலுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். பஞ்சாயத்துத் தலைவராக இருந்த ஐந்து வருஷத்தில் செய்ததையெல்லாம் ஒரு மஞ்சள் பையில் கட்டி எடுத்து வந்திருந்தான். குடிநீர்த் தொட்டி போட்டோ, வாய்க்கால் தூர்வாரிய கணக்கு, கிராம சபைத் தீர்மான நகல்கள். உள்ளே போன நாலாவது நிமிஷம் வெளியே வந்துவிட்டான். பையின் முடிச்சு அவிழவே இல்லை. ஒரே கேள்விதானாம்: "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" தேர்தல் ஆணையத்தின் உச்சவரம்பே 40 லட்சம்தானே என்றிருக்கிறான். அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு மனசே ஆறவில்லை. 2019இல் 600 ரூபாய் டெபாசிட் கட்டி நின்றவன் அவன். மாத மதிப்பூதியம் அப்போது 1,000 ரூபாய், பிறகு 2,000. பி.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்த பெட்ரோலுக்கே அது பற்றாது. கறவை மாடு இரண்டையும் விற்றது உனக்குத் தெரியும். தங்கச்சி சங்கிலி இன்னும் அடகில் கிடப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

2017இல் எம்.எல்.ஏ. சம்பளத்தை 55,000இலிருந்து 1,05,000 ஆக்கியபோது டீக்கடையில் நான் எப்படிக் கத்தினேன்! "சம்பளம் இல்லேன்னா பணக்காரன் மட்டும்தான்டா வருவான்" என்றாய் நீ. நீ சொன்னதுதான் சரி. இங்கிலாந்துத் தொழிலாளர்கள் 1838இல் 'மக்கள் சாசனம்' என்று போட்ட கோரிக்கைப் பட்டியலிலேயே எம்.பி.க்குச் சம்பளம் கேட்டார்கள், உழைக்கிறவனும் உள்ளே போகவேண்டும் என்றுதான். கிடைத்தது 1911இல், வருஷத்துக்கு 400 பவுண்டு. ஆனால் மாப்ளே, சம்பளம் ஜெயித்தவனுக்குத்தானே? 40 லட்சம் என்பது எம்.எல்.ஏ.வின் மூன்று வருஷச் சம்பளத்துக்கும் மேல். அதை முன்கூட்டியே கையில் வைத்திருப்பவனைத்தான் தேடுகிறார்கள். அதுவும் கணக்கில் வருகிற செலவு மட்டும்தான். 2017இல் ஆர்.கே. நகரிலும் 2019இல் வேலூரிலும் பணப்பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்ததே! 2024இல் மக்களவைக்கு ஜெயித்த 543 பேரில் 504 பேர் கோடீஸ்வரர்கள். அவர்களே கொடுத்த பிரமாணப் பத்திரக் கணக்கு இது. நூறு நாள் வேலைக் கூலியைப் பற்றி முடிவெடுக்கிற இடத்தில் கூலி வாங்கிப் பழகிய கை எத்தனை இருக்கும், சொல்.

திருத்துறைப்பூண்டியில் 2021இல் ஓலை வீட்டுக்காரர் மாரிமுத்து எம்.எல்.ஏ.வாக ஜெயித்த அன்று, ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டை எனக்குப் போன் பண்ணினான். "நம்மாலயும் முடியும்டா" என்று அவன் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது உள்ளாட்சிக்குக்கூட நிற்க மாட்டேன் என்கிறான். நான் சொன்னால் கேட்கிற ஆளில்லை, நீதான் பேச வேண்டும். பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது அந்தப் பையை என் கையில் திணித்து, "நீயே வெச்சுக்க" என்று போய்விட்டான். என் பீரோவில் அப்படியே இருக்கிறது. சித்திரையில் ஊருக்கு வரும்போது வந்து எடுத்துக்கொண்டு போய் அவனிடம் கொடு.

உன்
மச்சான்