ஞாயிறு மயிலாப்பூர் ஸ்கெட்ச்: புதுசா சேர்ந்தவங்களும் படிச்சிடுங்க

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரம் வாட்டர்கலர் குரூப்ல நிறைய பேர் புதுசா சேர்ந்திருக்கீங்க, சந்தோஷம். வர்ற ஞாயிறு காலைல 6.30க்கு கபாலீஸ்வரர் கோயில் தெப்பக்குளம் மேற்குக் கரைல சேர்றோம், வெளியூர்க்காரங்க அதே நேரத்துல உங்க ஊர் குளமோ கோயிலோ பாத்து வரைஞ்சு போடுங்க.

1. பேப்பர் 300 ஜிஎஸ்எம் (பேப்பரோட கனத்தைச் சொல்ற அளவு, இது நல்ல தடிமன்). சாதா டிராயிங் நோட்டுல தண்ணி பட்டதும் அலை அலையா எழும்பி கலர் பள்ளத்துல போய் தேங்கிடும், அப்புறம் பெயிண்ட் சரியில்லன்னு திட்டாதீங்க.
2. கலருக்கு கேமல் கேக் பாக்ஸே (கட்டி கட்டியா இருக்குற வாட்டர்கலர் டப்பா) போதும்.
3. வெயில் கோபுரத்துக்குப் பின்னாடி இருந்து வரும், அதனால பொம்மை பொம்மையா எண்ணிட்டு உக்காராம மொத்த ஷேப்பையும் ஒரே வாஷ்ல (தண்ணி நிறைய கலந்த கலரை ஒரே பூச்சா பூசுறது) போடுங்க, தண்ணி மின்னுற இடத்துக்கு வெள்ளைக் கலர் வேணாம், பேப்பரை அப்படியே விட்ருங்க.
4. தண்ணி பாட்டில், பழைய துணி, தொப்பி. பிரஷ் கழுவுன தண்ணிய குளத்துல ஊத்தக் கூடாது, இதுல மட்டும் நான் ஸ்ட்ரிக்ட்.
5. ராத்திரி 9 மணிக்குள்ள போட்டோ, ஃபில்டர் இல்லாம.

வர்றவங்க "வரேன்"னு, ஊர்ல இருந்தே வரையறவங்க ஊர் பேரோட, வெள்ளி ராத்திரிக்குள்ள சொல்லிடுங்க. புது ஆளுங்க கிட்ட பிரஷ் இல்லன்னா அதையும் போடுங்க, எக்ஸ்ட்ரா வச்சிருக்கவங்க எடுத்துட்டு வருவாங்க.